காற்புள்ளியும் கணினியும்

வகுப்பில் நாம் கற்பிக்கும் நிறுத்தக் குறிகளுள் காற்புள்ளி மிகச் சிறியது. அச்சிறு குறியை நம்பியே இன்று பள்ளிப் பெயர்ப் பட்டியல்கள் பல, கணினிக்குக் கணினி செல்கின்றன. வரிக்கு ஒரு மாணவர். பெயர், முகவரி, அஞ்சற் குறியீடு, தொலைபேசி ஆகியவற்றினிடையே காற்புள்ளி. இத்தகைய கோப்பினைச் 'சிஎஸ்வி' என்பர். வெறும் எழுத்துக் கோப்பாதலின் எந்தக் கணினியும் இதனைப் படிக்கும்.

எளிமை கண்டு ஏமாறலாகாது. 'எண் 12, ஜாலான் மெலாத்தி' என்பது ஒரே முகவரி. காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வரியை வெட்டினால் ஜாலான் மெலாத்தி அஞ்சற் குறியீட்டின் பத்தியிலும், அஞ்சற் குறியீடு தொலைபேசியின் பத்தியிலும் போய் அமரும். ஆகவே, காற்புள்ளி அடங்கிய பகுதியை இரட்டை மேற்கோளுக்குள் இடுதல் மரபாயிற்று. மேற்கோள் குறியே உள்ளே வருமாயின் அதனை இருமுறை எழுதுவர். இம்மரபுகளை 2005-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 4180 என்னும் ஆவணம் எழுத்தில் வடித்தது. வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது. தமிழாசிரியர்களுக்கு இது புதிதன்று!

பைத்தான் மொழியில் 2003 முதல் 'சிஎஸ்வி' என்ற பெயரிலேயே ஒரு துணைக் கருவி உண்டு. அதன் 'ரீடர்' மேற்கோள் மரபறிந்து வரியைப் பிரிக்கும். 'ரைட்டர்' வேண்டிய இடத்தில் தானே மேற்கோளிட்டு எழுதும். நான் பெரிதும் விரும்புவது 'டிக்ட்ரீடர்'. முதல் வரியின் தலைப்புகளை அது கொண்டு இயங்குவதால், 'இரண்டாம் பத்தி' என்று எண்ணிக்கொண்டிராமல் 'முகவரி' என்றே கேட்டுப் பெறலாம். பத்திகளை யாரேனும் இடம் மாற்றினாலும் பிழை நேராது. எழுதுவதற்குக் கோப்பைத் திறக்கையில் 'நியூலைன்' என்பதற்கு நேரே வெற்று மேற்கோள் இடவேண்டும். மறந்தால் விண்டோஸில் வரிக்கு வரி வெற்று வரி தோன்றும்.

இக்கருவியை நான் நாடியது ஒரு சுழியத்தால். முன்னாள் மாணவர் பட்டியல் ஒன்றை அட்டவணைச் செயலியில் திறந்து, சேமித்து, ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். நம் நாட்டில் 2000 முதல் 2009 வரை பிறந்தோரின் அடையாள அட்டை எண் சுழியத்தில் தொடங்கும். செயலி அதனை எண்ணெனக் கருதி முன்சுழியத்தை நீக்கிவிட்டது. உதவித்தொகை கோரிய தோட்டத்துப் பெண்ணொருத்தியின் பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாகி, அவள் விண்ணப்பம் திரும்பி வந்தது. சரிபார்க்காமல் அனுப்பிய பிழை என்னுடையதே.

சிஎஸ்வி கருவியோ தான் படிப்பதனைத்தையும் எழுத்தாகவே தரும். எண்ணாக்குவது நம் விருப்பம். கூட்டிக் கழிக்க வேண்டாத எண்களை எழுத்தாகவே விட்டுவிடுக. அலோர் ஸ்டாரின் 05000 போன்ற அஞ்சற் குறியீடுகளுக்கும் இக்காப்பு வேண்டும். ஆயினும், அக்கோப்பை மீண்டும் அட்டவணைச் செயலியில் நேரே திறந்து சேமித்தால் சுழியம் மறுபடியும் போய்விடும். அங்கும் அப்பத்தியை 'எழுத்து' என்று குறித்தே ஏற்றவேண்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கு மற்றொன்று: எழுதும்போது குறியேற்றத்தை 'யுடிஎஃப்-8-சிக்' என்று குறித்துவிட்டால், எக்செலில் திறப்பவர் கண்ணுக்கும் கண்ணம்மா கண்ணம்மாவாகவே தெரிவாள்.