தாமான் மோலேக் சுவரில் அழிக்கப்பட்ட ஓவியம்: கலையா, நாசவேலையா?

ஜொகூர் பாரு, தாமான் மோலேக். ஒரு கடை வரிசையின் முனைச் சுவர். 2013ஆம் ஆண்டு நவம்பரில் அந்தச் சுவரின் ஒரு பக்கத்தில் லெகோ பொம்மை வடிவில் ஒரு பெண் தோன்றினாள். கையில் விலையுயர்ந்த கைப்பை. கவலையில்லாமல் நடந்து வருகிறாள். சுவர் திரும்பும் மறுபக்கத்தில் இன்னொரு லெகோ பொம்மை, கையில் கத்தியோடு, அவள் முனை திரும்பட்டும் என்று காத்திருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பார்க்கும் இடத்தில் நின்றால்தான் கதை புரியும். சுவருக்குள் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு மட்டும் அது தெரியாது.

வரைந்தவர் எர்னஸ்ட் சகாரேவிச். லிதுவேனியாவில் பிறந்து பினாங்கில் பெயர் பெற்ற ஓவியர். லெகோ பொம்மையை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை ஜொகூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2012 செப்டம்பரில்தான் லெகோலேண்ட் திறக்கப்பட்டிருந்தது. பாலம் கடந்து சிங்கப்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். அதே சமயத்தில், 'ஜேபிக்குப் போனால் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்' என்ற பேச்சும் இருந்தது. நம் வீடுகளிலும் அம்மாக்கள் அதைத்தான் சொன்னார்கள். ஊரே வாயால் பேசியதை ஒருவர் சுவரில் வரைந்தார், அவ்வளவுதான்.

ஜொகூர் பாரு மாநகர் மன்றத்திற்கு அது பிடிக்கவில்லை. நகரின் பெயருக்கு அந்த ஓவியம் களங்கம் என்று கருதப்பட்டது. சில நாட்களிலேயே சுவரில் வெள்ளைச் சாயம் பூசப்பட்டது. ஆனால் அந்தச் சில நாட்களுக்குள் மக்கள் வரிசையாக வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் திருடனின் பின்னால் கைவிலங்கோடு ஒரு லெகோ போலீஸ்காரரையும் சேர்த்து வைத்தார். ஓவியம் அழிக்கப்பட்ட பிறகு அதன் நகல்கள் வேறு ஊர்களின் சுவர்களில் முளைத்தன. சட்டைகளிலும் ஒட்டிகளிலும் வந்தன. சுவரிலேயே விட்டிருந்தால் தாமான் மோலேக்கைத் தாண்டி எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் 'கிராபிட்டி கலையா, நாசவேலையா?' என்பது அலுத்துப்போன தலைப்பு. ஓர் அணி 'கலை' என்று எழுந்து நிற்கும், மற்றோர் அணி 'குற்றம்' என்று எழுந்து நிற்கும், நடுவர் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்பார். தாமான் மோலேக் சுவரை வைத்துப் பார்த்தால் அந்தத் தலைப்பே கோணலாகத் தெரிகிறது. ஏனென்றால் அதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. சுவர் யாருடையது, அவர் சம்மதித்தாரா என்பது ஒன்று. வரைந்தது என்ன, அது பார்க்கத் தக்கதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான பதிலை வைத்துக்கொண்டு இரண்டாவதற்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இதே எர்னஸ்ட் 2012இல் ஜோர்ஜ்டவுன் விழாவுக்காகப் பினாங்கில் வரைந்தவற்றை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நேரில் இல்லாவிட்டாலும் யாராவது உறவினரின் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். ஆர்மேனியன் தெருவில், சுவரில் பதித்த நிஜ சைக்கிளில் அக்காளும் தம்பியும் போகும் ஓவியம். ஆ குவீ தெருவில், பழைய மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் சிறுவன். அங்கே படம் எடுக்க இன்றும் கூட்டம் நிற்கிறது. சாவிக்கொத்து, தேநீர்க் குவளை, பை என்று அந்தப் பிள்ளைகளின் உருவம் இல்லாத பொருளே கடைகளில் இல்லை. அதே கை, அதே சாயம், அதே நாடு. பினாங்கில் அது சுற்றுலாச் சொத்து. ஜொகூரில் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

பினாங்கில் அனுமதி இருந்தது, இங்கே இல்லை, அதுதானே வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 'எங்கள் நகரில் கைப்பை பறிப்பு நடக்கிறது என்று சுவரில் வரையப்போகிறேன்' என்று எழுதி ஓர் ஊராட்சி மன்றத்தில் அவர் விண்ணப்பித்திருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? அனுமதி பெற்ற சுவர்களில் சிரிக்கும் குழந்தைகள், மீன் விற்கும் பாட்டிகள், பழைய காப்பிக் கடைகள், செம்பருத்திப் பூக்கள் எல்லாம் இருக்கும். அழகாகவும் இருக்கும். ஜொகூரிலேயே மூவார், குளுவாங் போன்ற ஊர்களின் சந்துகளில் அப்படிப்பட்ட நல்ல ஓவியங்கள் இருக்கின்றன. வார இறுதியில் போய்ப் பாருங்கள். ஆனால் அந்தச் சுவர்களில் கத்தி இருக்காது.

இதனால் கேட்காமல் வரைவதெல்லாம் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. என் மாமா ஸ்கூடாய் பக்கத்தில் ஒரு சிறிய உணவகம் வைத்திருந்தார். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கடையின் ஷட்டருக்குப் புதுச் சாயம் பூசினார். மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தால் கறுப்பு ஸ்ப்ரேயில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஏதோ ஒரு பெயர். படிக்கக்கூட முடியவில்லை. மண்ணெண்ணெயை வைத்துத் தேய்த்தோம். கறுப்பு போவதற்குள் புதுச் சாயமும் சேர்ந்து போய்விட்டது. மாமா சொன்னது இதுதான்: "படம் கிடம் வரைஞ்சிருந்தாக்கூட மனசு ஆறும்டா. இவன் பேர நான் ஏன்டா என் கடையில வச்சிக்கணும்?"

மாமா கலை விமர்சகர் இல்லை. ஆனால் மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் அவர் சரியாகப் பிரித்துவிட்டார். சம்மதமும் கேட்கவில்லை, வந்து நிற்பவருக்குச் சொல்ல ஒரு விஷயமும் இல்லை. 'டேக்' எனப்படும் இந்தப் பெயர்க் கிறுக்கலுக்கும் தாமான் மோலேக் ஓவியத்துக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால்தான் பாதிக் குழப்பம்.

சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிறர் உடைமைக்குச் சேதம் விளைவிப்பது நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின்படி குற்றம். ஓவியம் நன்றாக இருக்கிறது என்பது அங்கே எதிர்வாதம் ஆகாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் கடுமை. சிங்கப்பூரின் நாசவேலைச் சட்டம் 1966இல் வந்தது. பிரம்படி வரை போகும். 1994இல் கார்களில் சாயம் தெளித்த வழக்கில் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞருக்கு நான்கு பிரம்படி விழுந்தது உலகச் செய்தி ஆனது. 2010இல் சாங்கி பணிமனைக்குள் புகுந்து எம்ஆர்டி ரயிலில் வரைந்த சுவிட்சர்லாந்து நாட்டவருக்குச் சிறையும் மூன்று பிரம்படியும் கிடைத்தன. தினமும் எல்லை கடந்து படிக்கப் போகும் ஜொகூர் மாணவர்கள் இதை மனத்தில் வைப்பது நல்லது. 1966இல் அந்தச் சட்டம் வந்தபோது, சுவர்களில் எழுதப்பட்ட அரசியல் முழக்கங்களும் அதற்குக் காரணமாகப் பேசப்பட்டன. ஆக, சுவரின் தூய்மை மட்டுமே பிரச்சினையாக இருந்ததில்லை.

கிறுக்கலுக்கு எப்போது மதிப்பு வருகிறது என்பது வேடிக்கையான விஷயம். இலங்கையின் சிகிரியா குன்றில் 'கண்ணாடிச் சுவர்' என்று ஒன்று இருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு, அங்கே வந்து மேலே தீட்டப்பட்ட பெண்களின் ஓவியங்களைப் பார்த்தவர்கள் அந்தச் சுவரில் கவிதைகளைக் கீறிவிட்டுப் போனார்கள். யாரிடமும் அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை. தொல்லியல் அறிஞர் பரணவிதான அவற்றில் 685 கவிதைகளைப் படித்து 1956இல் நூலாக வெளியிட்டார். இன்று அவை சிங்கள மொழி வரலாற்றின் பொக்கிஷம். 2015இல் கிழக்கு மாகாணத்திலிருந்து சுற்றுலா வந்த ஒரு தமிழ்ப் பெண் அதே சுவரில் கொண்டை ஊசியால் தன் பெயரைக் கீறினார். இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை. அவருடைய ஏழ்மை பற்றிச் செய்திகள் வந்து, பலர் குரல் கொடுத்த பிறகு, அதிபரின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். தொன்மையான சுவரைக் காப்பாற்றத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு ஆண்டு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அனுமதி வாங்கி வரைந்தால் ஓவியம் பத்திரமாக இருக்குமா? அதுவும் உறுதியில்லை. தாமான் மோலேக் சுவர் வெள்ளையான அதே 2013 நவம்பரில், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் '5 பாய்ண்ட்ஸ்' என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடமும் ஒரே இரவில் வெள்ளையானது. அங்கே கட்டட உரிமையாளர்தான் பல ஆண்டுகளாக ஓவியர்களை வரைய அனுமதித்திருந்தார். பிறகு அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்ட முடிவு செய்து, முன்னறிவிப்பு இல்லாமல் எல்லாவற்றின் மேலும் சாயம் பூசிவிட்டார். ஓவியர்கள் விடவில்லை. அமெரிக்காவில் 1990இல் வந்த காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் நீதிபதி 21 ஓவியர்களுக்கு மொத்தம் 67 லட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார். 2020இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது. சுவர் உன்னுடையதாக இருக்கலாம், அதற்காக அதன் மேல் உள்ள மதிப்புமிக்க ஓவியத்தை நினைத்த மாத்திரத்தில் அழிக்க முடியாது என்று ஒரு நீதிமன்றம் சொன்னது. ஆனால் கட்டடம் அதற்குள் இடிக்கப்பட்டுவிட்டது.

ஜொகூருக்குத் திரும்புவோம். நம் ஊர்ச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் டெலிபோன் பெட்டிகளிலும் வட்டி முதலைகளின் விளம்பரங்களைப் பார்க்காமல் நூறு அடி நடக்க முடியுமா? பெயரும் கைப்பேசி எண்ணும் கொட்டை எழுத்தில். மன்ற ஊழியர்கள் சுரண்டி எடுக்கிறார்கள், மறுநாள் புதிதாக ஒட்டப்படுகிறது. உண்மையிலேயே மக்களைக் கெடுக்கும் சுவர்க் கிறுக்கல் எதுவென்று என்னைக் கேட்டால் அதைத்தான் காட்டுவேன். அதை வைத்து யாரும் பேச்சுப் போட்டி நடத்துவதில்லை. பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. லெகோ திருடன் மட்டும் கண்ணை உறுத்தினான்.

தாமான் மோலேக்கில் மன்றம் வேறு என்ன செய்திருக்கலாம்? கடைச் சுவரின் உரிமையாளரை அழைத்து, 'இது உங்கள் சுவர், வைத்துக்கொள்ள விருப்பமா?' என்று கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று அவர் சொன்னால் அழிப்பதில் தவறே இல்லை, என் மாமாவுக்கு இருந்த அதே உரிமை அவருக்கும் உண்டு. வேண்டும் என்று சொன்னால், அந்த ஓவியத்தோடு சண்டை போட வழி தெருவில் விளக்கு போடுவதும் ரோந்து போடுவதும்தான். அந்தப் போலீஸ்காரப் பொம்மையைக் கொண்டுவந்து சேர்த்தவர் யாரோ தெரியாது, ஆனால் அவர் ஓவியத்தை அழிக்கவில்லை. கதையை மாற்றினார். திருடனின் முதுகுக்குப் பின்னால் கைவிலங்கு வந்துவிட்டது. பெண் இன்னும் முனையைத் திரும்பவில்லை.