பாம்பைக் காத்த சட்டமும் பாம்பு பிடிப்போர் பாடும்

சென்னைக்கு வரும் கிராமத்தார் பலர், அடையாற்றிலிருந்து கிண்டிக்குச் செல்லும் சர்தார் படேல் சாலையில் உள்ள பாம்புப் பண்ணையைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து, கண்ணாடிக்கு அப்பால் சுருண்டு கிடக்கும் நல்ல பாம்பையும் விரியனையும் காட்டுகிறார்கள். இந்தப் பண்ணை உருவான நாளில் புற்றிலும் வரப்பிலும் கையை விட்டுப் பாம்பு பிடித்துத் தந்தவர்கள் யார் என்று கேட்பவர் அதிகம் இல்லை. அவர்கள் இருளர்கள். நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு இவர்களை நன்றாகத் தெரியும். எலி வளை வெட்ட வருபவர்களும் இவர்களே.

பாம்பைக் காப்பாற்ற அரசு சட்டம் இயற்றியது. அதனால் விவசாயிக்கு நன்மை உண்டு. ஆனால் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்களின் கதி என்ன? அந்தச் சட்டத்துக்குள் அவர்களுக்கு ஓர் இடம் கிடைக்க எத்தனை ஆண்டு ஆயிற்று? கிடைத்த இடமாவது உறுதியாக இருக்கிறதா? இவை இருளரை மட்டும் பொறுத்த கேள்விகள் அல்ல. நெல் வயலையும், வயலில் இறங்கும் விவசாயியின் உயிரையும் தொடுகிற கேள்விகள்.

வயலாக இருந்த தென்சென்னை

இன்று துணிக்கடையும் நகைக்கடையும் நெருக்கி நிற்கும் தியாகராய நகர், 1920களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து அமைத்த நகர்ப்பகுதி. வேளச்சேரி நெல் வயலாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏரி இருந்தால் நெல் உண்டு. நெல் இருந்தால் எலி உண்டு. எலி இருந்தால் பாம்பு வரும். இரண்டையும் பிடிக்கத் தெரிந்த இருளர் குடிசைகளும் பக்கத்தில் இருக்கும். பழைய செங்கற்பட்டு மாவட்டம் முழுவதும் இதுவே நிலை.

கிண்டிக் காடும் அந்நாளில் வேட்டைக்காடுதான். வெள்ளைக்காரக் கவர்னர்கள் பொழுதுபோக்குக்கு வேட்டையாடிய இடம் அது. சுதந்திரத்துக்குப் பின் அந்த நிலத்தில் ஒரு பகுதி கல்வி நிறுவனங்களுக்கும் நினைவு மண்டபங்களுக்கும் போயிற்று. எஞ்சிய சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காடு 1978இல் தேசியப் பூங்கா ஆயிற்று. கவர்னர்கள் வேட்டையாடியது பொழுதுபோக்கு. அது நின்றதால் யாருக்கும் அடுப்பு அணையவில்லை. இருளர் வேட்டை அப்படி அல்ல.

தோலுக்குப் போன சாரை

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாம்புத் தோலுக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி இருந்தது. கைப்பை, காலணி, இடுப்புவார் செய்ய அதை வாங்கினார்கள். இருளர் பிடித்துக் கொடுத்த பாம்புகளின் தோல் வியாபாரிகள் கை மாறிக் கப்பலேறிற்று. பிடித்தவருக்குக் கிடைத்ததோ சில்லறைக் கூலி.

அப்போது அதிகமாக மடிந்தது சாரைப் பாம்பு. நீளமான உடல் என்பதால் அதன் தோலுக்கு மதிப்பு. விவசாயிக்கோ சாரையைப் போன்ற தோழன் வேறில்லை. அதற்கு விஷம் கிடையாது. எலி வளைக்குள் தானே புகுந்து குஞ்சு முதல் தாய் எலி வரை விழுங்கக் கூடியது. சாரையும் நல்ல பாம்பும் பிணையும் என்று கிராமங்களில் சொல்வது தவறு. இரண்டும் வேறு வேறு இனங்கள். முறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்பவை, சண்டையிடும் இரண்டு ஆண் சாரைகளே.

சட்டம் வந்தது, பிழைப்பு போனது

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1970களின் நடுவில் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. அதற்குத் தக்க காரணம் இருந்தது. வியாபாரம் அப்படியே நீடித்திருந்தால் வயல்களில் சாரையைக் காண்பதே அரிதாகியிருக்கும்.

ஆனால் சட்டம் எழுதியவர்கள் தோல் வியாபாரத்தை நிறுத்தினார்களே தவிர, அதன் அடிமட்டத்தில் இருந்த மனிதருக்கு மாற்று வேலை எழுதி வைக்கவில்லை. வியாபாரி வேறு சரக்குக்கு மாறிக்கொண்டார். இருளருக்கு மாறிக்கொள்ள நிலம் இல்லை, முதல் இல்லை, படிப்பும் இல்லை. தகப்பனிடம் கற்ற தொழில் ஒரே நாளில் குற்றமாயிற்று. பலர் விறகு வெட்டவும், அரிசி ஆலைகளில் கூலி வேலை செய்யவும் போனார்கள். முன்பணம் வாங்கி ஆலைகளில் கொத்தடிமைகளாகச் சிக்கிய இருளர் குடும்பங்களைப் பிற்காலத்தில் அதிகாரிகள் மீட்க வேண்டியிருந்ததை நாடறியும்.

பிடித்து விடும் வித்தை

இந்தச் சிக்கலை அருகிலிருந்து பார்த்தவர் ராமுலஸ் விட்டேக்கர். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவியவர். பாம்பு பிடிப்பதில் இருளரின் திறமையை நேரில் கண்டவர். பாம்பைக் கொல்லாமல் அதன் விஷத்தை மட்டும் எடுத்து விற்றால் சட்டமும் நிற்கும், பிழைப்பும் நிற்கும் என்ற யோசனை பிறந்தது. அதன் பலனாக 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கிவருகிறது.

சங்கத்துக்கு வேண்டியவை நான்கு வகைப் பாம்புகள்: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன். உறுப்பினர்கள் உயிரோடு பிடித்து வந்து கொடுத்துப் பணம் பெறுகிறார்கள். பாம்புகளை மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். வாரம் ஒரு முறை வீதம் விஷம் எடுப்பார்கள். சுமார் நான்கு வாரத்தில் அடி வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, பாம்பைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு உடனே மறுபடி பிடிபட்டால் அந்த அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும்.

எடுத்த விஷத்தை உலர்த்திப் பொடியாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். அதைச் சிறு சிறு அளவில் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தால் அதுவே விஷமுறிவு மருந்து. இந்தியாவில் இம்மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இந்த ஒரு சங்கத்திலிருந்தே போயிருக்கிறது. இரவில் மடை திறக்கப் போய்ப் பாம்பு கடித்த விவசாயி ஒருவர் மருத்துவமனையிலிருந்து உயிரோடு வீடு திரும்பினால், அதில் ஓர் இருளரின் கைவேலையும் இருக்கக் கூடும்.

காகிதத்துக்குக் காத்திருத்தல்

இவ்வளவு இருந்தும் இத்தொழிலுக்கு நிரந்தர உறுதி இல்லை. சட்டப்படி பாம்பைப் பிடிப்பதும் வேட்டைதான். உயிர் காக்கும் மருந்துக்காக விஷம் எடுக்கத் தனி அனுமதி தரலாம் என்று சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. அந்த அனுமதியை வனத்துறை தர வேண்டும். எந்தெந்த மாவட்டத்தில், எந்த இனத்தில், எத்தனை பாம்பு என்று அதில் எழுதியிருக்கும்.

அந்தக் காகிதம் பிந்தினால் பானைகள் காலியாகக் கிடக்கும். எண்ணிக்கை குறைந்தால் உறுப்பினர்களுக்குள் பங்கும் குறையும். சங்கத்தில் இருப்பவர்கள் சுமார் 350 பேர். ஒவ்வொருவருக்கும் இத்தனை பாம்பு என்று பிரித்தால், ஆண்டில் சில வாரக் கூலிதான் தேறும். மழை பெய்து வளையில் நீர் புகுந்து பாம்பு வெளியே வரும் காலம், அலுவலகக் கோப்பின் வேகத்துக்குக் காத்திருப்பதில்லை. விதை நெல் ஆடிப் பட்டத்துக்கு வராமல் ஐப்பசியில் வந்து சேர்ந்தால் விவசாயி என்ன பாடுபடுவாரோ, அதே பாடுதான் இது.

இந்தக் கசப்பு விவசாயிகளுக்குப் புதிதல்ல. காட்டுப்பன்றி கடலையையும் மரவள்ளியையும் உழுது போட்ட மறுநாள் யாரிடம் போய் நிற்பது என்று தவித்தவர்கள் ஏராளம். காப்புக்காடுகளிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அதற்கு முன் எத்தனை மனு, எத்தனை போராட்டம்!

துறை சொல்லும் நியாயம்

வனத்துறையின் கவலையையும் தள்ளிவிட முடியாது. ஒரே மூன்று மாவட்டங்களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பாம்பு பிடித்தால் இனம் குறையாதா? பழக்கமில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்ட பாம்பு பிழைக்கிறதா? மருத்துவ ஆராய்ச்சியாளர்களும் ஒன்று சொல்கிறார்கள். ஒரே இனப் பாம்பானாலும் அதன் விஷம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஆகவே செங்கற்பட்டுப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து, வட மாநிலத்துக் கடிக்கு அதே அளவு வேலை செய்யாமல் போகலாம். மற்ற மாநிலங்களிலும் விஷம் சேகரிக்கும் நிலையங்கள் வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது.

இக்கேள்விகளுக்கு விடை காணும் வழியும் இருளரிடம் இருக்கிறது. எந்த ஏரிக்கரையில் எந்தப் பாம்பு குறைந்தது, எது கூடிற்று என்று அவர்களைப் போல் நடந்து பார்த்து அறிந்தவர் இல்லை. மண்ணில் பதிந்த தடத்தையும் வளை வாயில் கிடக்கும் சட்டையையும் கொண்டு உள்ளே இருப்பது என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். அவர்களை அனுமதி கேட்டு நிற்பவர்களாக மட்டும் வைத்திராமல், கணக்கெடுப்பிலும் கூட்டுச் சேர்த்தால் இரு தரப்புக்கும் நல்லது.

அமெரிக்கா அழைத்தது

இருளரின் கைத்திறன் கடல் கடந்தும் பேசப்பட்டது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலங்களில் பர்மா மலைப்பாம்பு பெருகிவிட்டது. மக்கள் ஆசைக்கு வளர்த்து வெளியே விட்ட பாம்புகளின் வாரிசுகள் அவை. முயல், ரக்கூன் போன்ற சிறு பிராணிகளைத் தின்று தீர்த்தன. அவற்றைப் பிடிக்க அம்மாநில வனவிலங்குத் துறை, 2017இல் தமிழ்நாட்டிலிருந்து வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரண்டு இருளர்களை வரவழைத்தது. இரண்டு வாரம் ஆவதற்குள் அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி நீளம்.

அந்த இருவருக்கும் 2023இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஊர் மகிழ்ந்தது. விருது இருவருக்கு வந்தது. ஆண்டு அனுமதிக்குக் காத்திருப்பவர்களோ நூற்றுக்கணக்கானவர்கள்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக் கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. விவசாயிகள் தம் அளவில் செய்யக் கூடியவையும் உண்டு.

சாரையைக் கண்டால் அடிக்காமல் போக விடவும். விஷப் பாம்பு வயலில் இருந்தால் விலகி நின்றாலே போதும். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் தரலாம்.

எலி பிடிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நாற்று நட்டது முதல் வரப்பைக் கவனித்து, புது வளை தெரிந்ததும் ஊரில் உள்ள இருளரை அழைத்து வெட்டச் சொல்லலாம். வளையில் கிடைக்கும் நெல்லை அவர்களுக்கே விடுவது பழைய வழக்கம். அத்துடன் நியாயமான கூலியும் பேசிக் கொடுப்பது முறை. ஒருவர் வயலில் மட்டும் பிடித்தால் பக்கத்து வயல் எலி வந்து குடியேறும். ஆகவே ஓர் ஆயக்கட்டு விவசாயிகள் சேர்ந்து ஒரே சமயத்தில் பிடிக்கச் செய்தால்தான் பயன் தெரியும்.

வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்குள் ஒடுக்கி, புல் மண்டாமல் வைத்தால் எலி வளை தோண்ட இடம் குறையும். விஷ உணவு வைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். விஷம் தின்ற எலியை உண்ணும் ஆந்தையும் பாம்பும் சேர்ந்து மடியக் கூடும்.

இரவில் வயலுக்குப் போகும்போது டார்ச் விளக்கும் கைத்தடியும் அவசியம். பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல், நடக்க விடாமல், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மந்திரிப்பவரிடம் போகும் ஒரு மணி நேரம் உயிரைக் குடித்துவிடும்.

எலி தின்னும் பாம்பு வயலில் இருக்க வேண்டும். பாம்பின் விஷத்தை மருந்தாக்கித் தரும் இருளரும் ஊரில் இருக்க வேண்டும். முதலாவதுக்குச் சட்டம் வழி செய்துவிட்டது. இரண்டாவதற்கு வேண்டியது, பருவம் தவறாமல் கைக்கு வந்து சேரும் ஓர் அனுமதிக் காகிதம். கிராமசபையிலும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் தம் குறையைச் சொல்லும் விவசாயிகள், அடுத்த முறை இந்த ஒன்றையும் சேர்த்துச் சொன்னால் நன்று.