மழைநீரும் சங்கத்துக் காரும்

சங்கங்களின் வாகனச் செலவுச் சீட்டுகளைப் பார்வையிடுங்கால், தொகையைக் காண்பதற்கு முன் தேதியைக் காண்பது நமது வழக்கம். ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஐப்பசியில் புதிய பாட்டரி, கார்த்திகையில் ஆல்டர்னேட்டர் பழுது, மார்கழியில் மறுபடியும் பாட்டரி என மூன்று சீட்டுகள் இருந்தன. தை முதல் புரட்டாசி வரை மின்சாரப் பழுது என்று ஒரு காசும் செலவாகவில்லை. மழைக்காலத்தில் மட்டும் பாட்டரி கெடுவானேன் என்று எவரும் கேட்கவில்லை. அங்கத்தினர்களின் பணம், கெடாத பொருள்களை மாற்றுவதில் கரைந்தது.

அந்தக் கார் வேப்பமரத்தடியில் நிறுத்தப்படுவது. முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் தண்டுகள் நிற்கும் பள்ளத்தில் சருகு மண்டி, அங்குள்ள வடிகால் துளை அடைபட்டிருந்தது. தேங்கிய மழைநீர், காற்று உட்புகும் வழியாக இறங்கி இடப்பக்க மிதியடியின் கீழ்ச் சேர்ந்தது. மேலே தொட்டால் விரிப்பு உலர்ந்தே இருக்கும். அதன் அடிப்பஞ்சோ வாரக்கணக்கில் நீரை வைத்துக் கொண்டிருக்கும். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் கம்பிக் கற்றைகளும், சிலவற்றில் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் அவ்விரிப்பின் அடியிலோ இருக்கையின் கீழோ உள்ளன. 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடரின் பழைய வண்டிகளில் இத்தொல்லை குறைவு. நனைவதற்கு அங்கே கணிப்பொறி ஏது?

நீர் எங்கே தோன்றுகிறதோ அங்கே புகுந்ததென்று கொள்வது தவறு. செம்புக் கம்பியின் இழைகளினூடே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், நீர் உறையினுள்ளேயே நெடுந்தூரம் ஊர்ந்து செல்லும். பாவில் ஓரிடம் நனைந்தால் ஈரம் எவ்வளவு தூரம் பரவும் என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கனெக்டரைக் கழற்றிப் பார்க்கையில் முனைகளில் பச்சைக் களிம்பு இருப்பின், ஈரம் அங்கே நெடுநாள் குடியிருந்தது என்பது உறுதி.

முதலில் அது எந்த நீர் என்று தெளிதல் வேண்டும். மழையே இல்லாத கோடையில், குளிர்சாதனம் ஓடும்போது மட்டும் தரை நனையுமாயின், அச்சாதனத்தின் வடிகுழாய் அடைபட்டிருக்கலாம். விரலில் பிசுபிசுத்து இனிய மணம் வீசுமாயின் அது ரேடியேட்டர் திரவம். இரண்டும் அன்றேல், மழைநீரின் வழியைத் தேடுக. கதவினுள் நீர் இறங்குவது இயல்பே. அது வெளியேறக் கதவின் அடியில் துளைகள் உண்டு. அவை அடைபட்டாலும், கதவின் உட்பலகைக்குப் பின்னுள்ள பிளாஸ்டிக் தாள் கிழிந்தாலும் நீர் உள்ளே வரும். பின்விளக்கின் ரப்பர் தளர்ந்தால் மாற்றுச் சக்கரம் கிடக்கும் குழியில் நீர் நிற்கும். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே அமர, மற்றவர் குழாய்நீரைக் கீழிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஓரிடத்தில் சில நிமிடம் நிறுத்தி ஊற்றிவர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒருங்கே நனைந்து வழி தெரியாமற் போகும்.

மின்சாரப் பரிசோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். பிரேக்கை மிதிக்கையில் பக்கத்து விளக்கும் மங்கலாக எரியுமாயின், பின்விளக்கின் எர்த் இணைப்பை முதலில் ஐயுறுக. வாய்க்கால் அடைபட்டால் நீர் அடுத்த வயலில் பாய்வதுபோல், தன் வழி அடைபட்ட மின்னோட்டம் அண்டை விளக்கின் வழியே திரும்புகிறது. இரவில் பாட்டரி தீர்கிறதெனில், கதவுகளைப் பூட்டி ஒரு மணி நேரம் சென்றபின், எதிர்முனைக் கம்பியில் மீட்டரைத் தொடராக இணைத்து அளந்து பார்க்கவும். பெரும்பாலான கார்களில் அது 50 மில்லியாம்பியருக்குள் அடங்கும். ஈரம்பட்ட பெட்டியொன்று 1 ஆம்பியர் இழுக்குமாயின், 45 ஆம்பியர்-மணி பாட்டரி இரண்டு நாளில் வற்றிவிடும். பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுக்கையில், எதனால் ஓட்டம் தணிகிறதோ அந்தச் சுற்றிலே ஈரத்தைத் தேடலாம். இதைச் செய்து காட்டாமல் புதிய பெட்டி வாங்கச் சொல்லும் பட்டறைக்காரரின் மதிப்பீட்டை நிர்வாகக் குழு ஏற்கலாகாது என்பது நமது கருத்து.

கனெக்டரைக் கழற்றுமுன் பாட்டரியின் எதிர்முனையைப் பிரித்துவிடுக. மஞ்சள் உறையிட்ட கம்பிகள் பெரும்பாலும் காற்றுப்பைக்குரியவை. அவற்றைப் பயிற்சி பெற்றவரே தொடலாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியவை போன்ற வண்டிகளின் நிலை முற்றிலும் வேறு; அவற்றில் சாவியைத் திருப்பவே கூடாது.

வழியை அடைத்தபின் விரிப்பை முழுதும் தூக்கி, அடிப்பஞ்சு உலரும்வரை திறந்து வைக்க வேண்டும். களிம்பு அரித்த கம்பியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிப் புதிதாக இணைப்பதே முறை. ஆண்டுதோறும் புரட்டாசி கழிவதற்குள், வைப்பர் பள்ளத்தில் ஒரு செம்பு நீரூற்றி அது வண்டியின் அடியில் தரையில் விழுகிறதா என்று பார்த்து, வாகனப் பதிவேட்டில் தேதியுடன் குறிப்பதை ஓட்டுநரின் பணிகளில் ஒன்றாகத் தீர்மானித்துக் கொள்ளலாம்.