பல்லாண்டுச் செடிகள்

பல்லாண்டு என்னும் சொல் செவிப்பட்டவுடன் வாழ்த்துப் பாடல் நினைவிற்கு வருதல் தமிழர்க்கு இயல்பே. தாவர நூலாரோ, ஈராண்டின் மேற்பட்டு உயிர்வாழும் செடி கொடி மரங்கள் அனைத்தையும் அச்சொல்லாற் குறிப்பர். எள் ஒரு பருவத்தே காய்த்து மடிதலின் ஓராண்டுச் செடி. காரட்டு மறுவாண்டிற் பூத்து மாய்தலின் ஈராண்டுச் செடி. இவற்றில் ஐயமில்லை. தொல்காப்பியனார் புல்லும் மரமும் எனப் பகுத்தது வைரம் நிற்குமிடம் நோக்கியேயன்றி வாழ்நாள் நோக்கியன்று என்பதையும் ஈண்டு நினைத்தல் நலம்.

என்றும் பசுமையாய் நிற்பதே பல்லாண்டுச் செடி எனப் பலர் கருதுவர். அது பொருந்தாது. கார்காலத்தில் வேலிமீது தழல்போல் மலரும் காந்தளை நோக்குக. மழை ஓய்ந்தபின் தண்டும் இலையும் உலர்ந்து, கொடி நின்ற சுவடும் இராது. எனினும், மண்ணினுள்ளே கலப்பை வடிவிற் கிழங்கு உறங்கிக் கிடக்கும். அக்கிழங்கேனும் பழையதோவெனின், அன்று. ஆண்டுதோறும் பழையது வற்ற, அதன் ஊட்டம் பெற்றுப் புதியது உருவாகும். அழியாது நிற்கும் உறுப்பொன்று வேண்டுமென்பதில்லை. வளர்முளை அறாதிருப்பின் அமையும். குலையீன்ற தண்டு பட்டுப்போக, அடிக்கிழங்கினின்று கன்று கிளைக்கும் வாழையும் இத்தகையதே.

பன்முறை பூத்தலும் இதற்கு இலக்கணமன்று. தாளிப்பனை, முப்பது ஆண்டிற்கு மேலும் வளர்ந்து, ஒரே முறை பூத்துக் காய்த்து மாண்டுவிடும். அதுவும் பல்லாண்டுத் தாவரமே.

இனி, நிலமும் தொழிலும் இப்பெயரை மாற்றுவதுண்டு. பருத்தி தன்னியல்பிற் பல்லாண்டுச் செடியாயினும், உழவர் அதனை ஓராண்டுப் பயிராகவே விளைத்துக் களைவர். நம் கொல்லையிற் சில ஆண்டு நின்று சிறு மரமாகும் ஆமணக்கு, குளிர்நாடுகளில் உறைபனி கண்டு அவ்வாண்டே மடியும்.