'விவா' என்று ஒரு குழு இருந்தது

இரவு நிகழ்ச்சியில் விருப்பப் பாடல் கேட்டு அழைப்பவர்கள் படத்தின் பெயரைச் சொல்வார்கள். இசையமைப்பாளர் பெயரையும் தப்பாமல் சொல்வார்கள். பாடியவர் யார் என்று நான் திருப்பிக் கேட்டால்தான் தடுமாறுவார்கள்.

சில வாரங்களுக்கு முன் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா அழைத்தார். 'சத்தம் போடாதே' படத்தில் வரும் 'பேசுகிறேன்' பாட்டு வேண்டும் என்றார். 2007-இல் வந்த படம், யுவன் சங்கர் ராஜா இசை, நா. முத்துக்குமார் வரிகள். மனம் சோர்ந்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் பாட்டு அது. "யார் பாடினாங்கன்னு தெரியுமா அக்கா?" என்றேன். "யாரோ மும்பைப் பொண்ணுதானே தம்பி?" என்றார்.

பாட்டு ஓடத் தொடங்கிய பிறகும் அவர் தொலைபேசியை வைக்கவில்லை. அவருடைய மகளும் பள்ளித் தோழிகள் இருவரும் சேர்ந்து பாட்டுக் குழு அமைத்திருக்கிறார்களாம். தலைநகரில் நடக்கும் குரல் தேர்வுக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்களாம். "பொம்பளப் பிள்ளைங்க குழு எல்லாம் நிக்குமா தம்பி? நாலு நாள்ல கலைஞ்சிருமே?"

பாட்டு முடிய அரை நிமிடம்தான் இருந்தது. "அந்த மும்பைப் பொண்ணும் அப்படிக் கலைஞ்சு போன குழுவிலிருந்து வந்தவங்கதான் அக்கா" என்று மட்டும் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன்.

அந்தக் குரல் நேஹா பாசினுடையது. 2002-இல், 19 வயதில், அவர் 'விவா' என்ற குழுவில் ஐந்தில் ஒருவராக இருந்தார். மற்ற நால்வர் அனுஷ்கா மன்சந்தா, பிரதீச்சி மொஹபாத்ரா, மஹுவா காமத், சீமா ராம்சந்தானி. ஐவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்களோ ஒரே கல்லூரியில் படித்தவர்களோ அல்லர். இந்தியாவின் 'சேனல் வி' தொலைக்காட்சி நடத்திய 'கோக் வி பாப்ஸ்டார்ஸ்' போட்டியில் தேர்வாகி, கேமராவுக்கு முன்னால் ஒரு குழுவாக்கப்பட்டவர்கள்.

'பாப்ஸ்டார்ஸ்' என்ற அந்த வடிவம் பிறந்தது 1999-இல், நியூசிலாந்தில். அங்கே அது உருவாக்கிய 'ட்ரூபிளிஸ்' என்ற பெண்கள் குழுவின் முதல் பாட்டு நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. குழு அடுத்த ஆண்டே கலைந்தது. பிரிட்டனில் 2001-இல் இதே வழியில் உருவான 'ஹியர்சே' முதல் வாரத்திலேயே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளை விற்றது. 2002 அக்டோபரில் அதுவும் முடிந்தது. விவா பிறந்த ஆண்டும் அதுதான் என்பதைக் கவனியுங்கள்.

விவாவின் முதல் தொகுப்பு 2002-இல் வந்தது. 'ஹம் நயே கீத் சுனாயே' என்ற பாட்டு வட இந்தியாவின் கல்லூரி விழாக்களில் எல்லாம் ஒலித்தது. அப்போது நான் இடைநிலைப் பள்ளி மாணவன். பினாங்கு லிட்டில் இந்தியாவில், வாசலில் பெரிய ஒலிபெருக்கி வைத்து சாலையையே அதிரவிடும் கேசட் கடைகளில் தமிழ்ப் படப் பாட்டுக்குத்தான் முதல் மரியாதை. பின்வரிசையில் கிடந்த ஓர் இந்திக் கலவைத் தொகுப்பில்தான் அந்தப் பாட்டை முதன்முதலாகக் கேட்டேன். இந்தி எனக்கு இன்றும் தெரியாது. ஐந்து பெண்கள் சேர்ந்து, பின்னணியில் எந்தக் கதாநாயகனும் இல்லாமல், தங்களுக்காகவே பாடுகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. தமிழில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

2003-இல் சீமா விலகினார். மீதி நால்வர் 'விவா ரீலோடட்' என்ற இரண்டாம் தொகுப்பைத் தந்தார்கள். அது முதலாவதைப் போல் எடுபடவில்லை. இன்னும் கொஞ்ச காலம் நால்வராகவே ஓட்டினார்கள், பிறகு கலைந்தார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று ஆண்டுக் கதை.

ஏன் நிற்கவில்லை? பெண்களுக்குள் ஒத்துப்போகாது என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஆண்கள் குழு உடைந்தால் 'கருத்து வேறுபாடு', பெண்கள் குழு உடைந்தால் 'சண்டை'. இந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. விவாவின் காலத்தைப் பார்த்தாலே வேறு காரணங்கள் தெரியும்.

முதலாவது, அந்த நிகழ்ச்சியின் அமைப்பு. யார் தேர்வாவார், யார் அழுதுகொண்டே வீடு திரும்புவார் என்பதுதான் பார்வையாளரை வாரா வாரம் இழுத்தது. ஐவரின் பெயர் அறிவித்த அன்றே கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தொலைக்காட்சிக்குத் தேவைப்பட்டது அடுத்த பருவம். 2003-இல் அதே போட்டி 'ஆஸ்மா' என்ற குழுவை உருவாக்கியது. இரண்டு ஆண், இரண்டு பெண். முதல் பருவத்தின் பிள்ளைகள் மூத்தாள் பிள்ளைகள் ஆனார்கள்.

இரண்டாவது, காலம். 1990-களில் இந்தியாவில் திரைப்படத்துக்கு வெளியே ஒரு பாப் இசை அலை எழுந்தது. 1995-இல் அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா', அடுத்த ஆண்டு நம் ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் சேர்ந்த 'கொலோனியல் கசின்ஸ்'. விவா வந்து சேர்ந்தபோது அந்த அலை வடியத் தொடங்கியிருந்தது. இசை அலைவரிசைகளைத் திரைப்பாடல்கள் மறுபடி பிடித்துக்கொண்டன. குறுவட்டு விற்பனையை எம்பி3 அரித்தது. 2004-இல் 'இந்தியன் ஐடல்' வந்தது. அங்கே நடுவர்கள் ஐந்து பேரைச் சேர்த்து வைப்பதில்லை; பார்வையாளர்கள் குறுஞ்செய்தி அனுப்பி ஒருவரை உயர்த்தினார்கள். ஒவ்வொரு வாக்குக்கும் காசு. தமிழில் 2006-இல் தொடங்கிய விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர்', இங்கே நம் ஆஸ்ட்ரோவின் 'வானவில் சூப்பர் ஸ்டார்' என்று நம் வீடுகளுக்குள் வந்தவையும் தனிப் பாடகரைத் தேடியவையே. குழுவாகப் பாடுவது என்ற ஆசைக்கே மேடை இல்லாமல் போனது.

மூன்றாவது சாதாரணக் கணக்கு. ஒரு மேடைக்கு ஒரு தொகைதான் வரும். தனிப் பாடகி என்றால் ஒரு கைக்குப் போகும். ஐவர் என்றால் ஐந்தாகப் பிரியும். விமானச் சீட்டும் ஐந்து, ஒப்பனையும் ஐந்து. வரவு குறைய ஆரம்பித்தால் குழுதான் முதலில் மூச்சு வாங்கும். இது நம்மூர் மேடைக் கலைஞர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அக்காவிடம் நான் சொல்ல நினைத்தது இதற்குப் பிந்திய கதை. விவா போனது, அந்தக் குரல்கள் போகவில்லை. நேஹா பாசின் யுவனின் இசையில் நம் வானொலிக்குள் வந்தார். பிறகு 'சுல்தான்' படத்துக்காக அவர் பாடிய 'ஜக் கூமேயா' அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்ஃபேர் விருதை வாங்கித் தந்தது. அனுஷ்கா தொலைக்காட்சித் தொகுப்பாளர், பின்னணிப் பாடகி என்று பல வேடம் பார்த்து, இப்போது 'கிஸ் நுகா' என்ற பெயரில் தானே மின்னிசை உருவாக்குகிறார். ஆஸ்மாவில் இருந்த நீத்தி மோகனை உங்களுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. ஷங்கரின் 'ஐ' படத்தில் அனிருத்துடன் 'மெர்சலாயிட்டேன்' பாடியவர் அவர்தான். ஏ.ஆர். ரஹ்மான் அவருக்கு 'ஜப் தக் ஹை ஜான்' படத்தில் 'ஜியா ரே' பாட்டைக் கொடுத்திருந்தார். தீபாவளிக் கலைநிகழ்ச்சிகளில் நம் பிள்ளைகள் ஆடிய பாட்டுக்குள் கலைந்துபோன ஒரு குழுவின் பயிற்சி இருக்கிறது.

பெண்கள் பாடற்குழுவை ஒரு தொழிலாகவே வளர்த்த நாடு என்றால் ஜப்பான்தான். அங்கும் பெரும்பாலான குழுக்களுக்கு ஆயுள் குறைவு. ஒரு குழுவின் முடிவை மட்டும் இன்றுவரை பேசுகிறார்கள்.

'கேண்டீஸ்' குழுவில் மூன்று பேர்: ரான், சூ, மிகி. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே-யின் பாட்டு நிகழ்ச்சியில் உதவியாளர்களாக இருந்தவர்கள், 1973 செப்டம்பரில் முதல் பாட்டை வெளியிட்டார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அப்போது நடுவில் நின்று பாடியவர் சூ. 1975-இல் ஒரு பாட்டுக்காக ரானை நடுவில் நிறுத்திப் பார்த்தார்கள். அந்தப் பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. அதோடு ரானின் இடம் நடுவானது. சூ ஓரத்துக்குப் போனார். குழு உடையவில்லை.

1977 ஜூலை 17. தோக்கியோவின் ஹிபியா திறந்தவெளி அரங்கம். புகழின் உச்சியில் இருந்த மூவரும் மேடையிலேயே அழுதபடி, தாங்கள் மீண்டும் சாதாரணப் பெண்களாக வாழ விரும்புவதாக அறிவித்தார்கள். செப்டம்பரோடு நிறுத்தப் போகிறோம் என்றார்கள். நிர்வாகத்துக்கு இது இடி. பேசிப் பேசி, அடுத்த ஏப்ரல் வரை தள்ளிவைக்க ஒப்புக்கொள்ள வைத்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் ரசிகர்கள், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், நாடு முழுவதும் சங்கமாகத் திரண்டார்கள். அதுவரை கேண்டீஸின் எந்தப் பாட்டும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பார்த்ததில்லை. அவர்களின் கடைசிப் பாட்டுதான் அந்த இடத்தை முதலும் கடைசியுமாகத் தொட்டது. 1978 ஏப்ரல் 4 அன்று, கொராகுவென் விளையாட்டரங்கில் சுமார் 55,000 பேர் முன்னிலையில் விடைபெற்றார்கள். நாலரை ஆண்டு.

பிறகு சூ, யோஷிகோ தனாகா என்ற முழுப் பெயரில் நடிகையானார். ஹிரோஷிமா அணுகுண்டுக்குப் பிந்திய வாழ்க்கையைச் சொல்லும் 'கருப்பு மழை' என்ற 1989-ஆம் ஆண்டுப் படத்தில் நடித்து, ஜப்பான் அகாடமியின் சிறந்த நடிகை விருது பெற்றார். 2011 ஏப்ரலில் மார்பகப் புற்றுநோயால் காலமானார். இறுதிச் சடங்கில் அவர் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்த குரல் ஒலித்தது. அதற்கு முந்திய மாதம்தான் ஜப்பானைச் சுனாமி தாக்கியிருந்தது. சாகும் தறுவாயில் இருந்தவர் அந்த மக்களுக்காகவும் பேசியிருந்தார். ரானும் மிகியும் அந்தச் சடங்கில் இருந்தார்கள். வானொலிக்காரன் என்பதாலோ என்னவோ, ஒரு குரல் தன் சொந்தச் சாவு வீட்டில் பேசியது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

விவாவும் கேண்டீஸும் கலைந்தவைதான். கேண்டீஸின் முடிவை அந்த மூன்று பெண்களே எடுத்தார்கள்; நிர்வாகம் தேதியைத்தான் தள்ள முடிந்தது. விவாவைத் தொடங்கியது ஒரு தொலைக்காட்சியின் பருவக் கணக்கு. அந்தக் கணக்கு அடுத்த பக்கம் திரும்பியதும் பெண்கள் தனித்தனியாக வழி தேட வேண்டியதாயிற்று. குழு எத்தனை ஆண்டு நிற்கும் என்று அக்கா கேட்டார். நானாக இருந்தால் முடிவு யார் கையில் என்று கேட்பேன்.

இது இன்று நமக்குத் தூரத்துச் செய்தியும் இல்லை. 2005-இல் தோக்கியோவின் அகிஹபாராவில் ஒரு சிறிய அரங்கில் தொடங்கிய 'ஏகேபி48', இப்போது கோலாலம்பூரில் 'கேஎல்பி48' என்று ஒரு தங்கைக் குழுவை வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு வாசல் திறந்திருக்கிறது. பெற்றோர் பார்க்க வேண்டியது ஒப்பந்தத் தாளை. எத்தனை ஆண்டுக்குக் கையெழுத்து? குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம்? இத்தகைய போட்டிக் குழுக்களில் அது பெரும்பாலும் பாடுபவர்களுக்குச் சொந்தமாக இருப்பதில்லை. ஒருவர் விலகினால் மற்றவர்களின் பங்கு என்ன ஆகும்? எஸ்பிஎம் தேர்வு மாதத்தில் மேடை ஏற முடியாது என்று சொல்ல இடம் உண்டா? இதையெல்லாம் கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்று பயப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டதற்காகவே போகும் வாய்ப்பு போகட்டும்.

நீண்ட நாள் நின்ற குழு வேண்டுமென்றால் நம் பினாங்கே காட்டும். ஆறுமுகம் சகோதரர்கள் டேவிட்டும் லோகாவும் இங்கே தொடங்கிய 'அலிகேட்ஸ்', 2007-இல் லோகா மறைந்த பிறகும் பாடிக்கொண்டிருந்தது. அண்ணன் தம்பிக்குள் ஒப்பந்தம் எதற்கு! எல்லோருக்கும் அப்படி அமையாது.

போன வாரம் பட்டர்வொர்த் அக்கா மறுபடி அழைத்தார். இந்த முறை 'மெர்சலாயிட்டேன்' கேட்டார். பாடியவர் பெயரை நான் கேட்கும் முன்பே "அனிருத், நீத்தி மோகன்" என்று தெளிவாகச் சொன்னார். மகளின் குழு என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு ஹாலில்தான் பயிற்சியாம், சோபாவை ஓரம் தள்ளிவிட்டு. ஒப்பந்தம் இன்னும் யாரும் நீட்டவில்லை.

"பேருகூட இன்னும் வைக்கல தம்பி. நடுவுல யாரு நிக்கிறதுன்னுதான் இப்ப சண்டை."