ஜாகாவை ஏமாற்றிய வெற்றுச் சீட்டு

பள்ளியின் சாவிக்கொத்து ஜாகாவிடம் இருக்கிறது. மாணவன் ஒருவன் 'ஆய்வுக்கூடம்' என்று எழுதிய சீட்டை நீட்டுகிறான். அவனுக்கு அனுமதி உண்டா என்று விசாரித்த பிறகே ஜாகா கதவைத் திறக்கிறார். காப்பாரில் எந்தப் பள்ளியிலும் காணக்கூடிய காட்சிதான். கணினிக்குள்ளும் இப்படிப்பட்ட ஜாகாக்கள் உண்டு.

லினக்ஸ் இயங்குதளத்தில் சாதாரணப் பயனர் தம் கோப்புகளைத்தான் மாற்ற முடியும். அனைத்தையும் மாற்றும் அதிகாரம் 'ரூட்' எனப்படும் தலைமைப் பயனருக்கே உண்டு. இருவருக்கும் இடையில் நிற்கும் சிறு நிரல்களில் ஒன்று 'பிகேஎக்செக்'. யார் இயக்கினாலும் அது ரூட்டின் அதிகாரத்தோடுதான் ஓடும். அனுமதியைச் சரிபார்த்து, கேட்ட வேலையை முடித்துக் கொடுக்கும். அந்தக் காவலரையே ஏமாற்றிச் சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிட்டால், அதுதான் 'பிரிவிலேஜ் எஸ்கலேஷன்', அதாவது அதிகார உயர்வுக் குறைபாடு.

2022 ஜனவரி 25ஆம் தேதி, குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் பிகேஎக்செக்கில் அப்படி ஓர் ஓட்டையை அறிவித்தது. பதிவு எண் சிவிஇ-2021-4034. அதற்கு வைத்த பெயர் 'பௌன்கிட்'. உபுண்டு, டெபியன், பெடோரா, சென்ட்ஓஎஸ் எதுவும் தப்பவில்லை. ஓட்டை 2009 மே மாதத்திலிருந்தே இருந்திருக்கிறது!

பிழை மிகச் சிறியது. எந்த நிரலைத் தொடங்கினாலும் அதற்கு ஒரு சொற்பட்டியல் தரப்படும். முதல் சொல் நிரலின் சொந்தப் பெயர், அடுத்தவை நாம் கேட்பவை. முதல் சொல் எப்படியும் இருக்கும் என்று நம்பி, பிகேஎக்செக் இரண்டாவதிலிருந்து படித்தது. ஆனால் பட்டியலை முற்றிலும் காலியாகவும் கொடுக்க முடியும். அப்போது அது பட்டியலைத் தாண்டி, நினைவகத்தில் அடுத்திருக்கும் சூழல் மாறிகளைப் படிக்கும். படித்த இடத்திலேயே எழுதவும் செய்யும். ஜாகா வெற்றுச் சீட்டை வாங்கிக்கொண்டு, மேசையில் பக்கத்தில் கிடந்த தாளை எடுத்து அதில் எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய நிரல் தொடங்கும்முன் ஆபத்தான மாறிகளை இயங்குதளம் நீக்கிவிடும். இந்த எழுத்தின் மூலம் நீக்கிய ஒன்று திரும்பி வருகிறது. அதன் வழியே தாக்குபவரின் நிரல் ரூட் அதிகாரத்தோடு ஓடுகிறது.

இதை வெளியிலிருந்து நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அந்தக் கணினியில் முதலில் ஒரு கணக்கு வேண்டும். அதனால் ஆபத்து குறைவு என்று எண்ண வேண்டாம். பலர் பகிரும் கல்லூரிக் கணினியில் ஒருவரின் கடவுச்சொல் திருடு போனாலே போதும்.

எனக்கு உறுத்தும் செய்தி வேறு. 2013லேயே ரையன் மாலன் என்ற நிரலாளர் இந்தப் பிழையைக் கவனித்து வலைப்பதிவில் எழுதியிருந்தார். அதைத் தாக்குதலாக மாற்றும் வழி அவருக்குப் புலப்படவில்லை. விஷயம் அப்படியே கிடந்தது.

தீர்வு எளிது. பிகேஎக்செக் அடங்கிய 'போல்கிட்' தொகுப்பைப் புதுப்பித்தால் போதும். உடனே புதுப்பிக்க முடியாத இடங்களில், அந்த நிரலின் 'செட்யூஐடி' அனுமதியை ஒரே கட்டளையில் நீக்கலாம். சாவிக்கொத்தை ஜாகாவிடமிருந்து வாங்கி வைப்பது போல. அவரை நம்பிய சில வேலைகள் அதுவரை நடக்காது. பிறகு லினக்ஸ் 5.18 பதிப்பில், காலிப் பட்டியல் வந்தால் கருவே ஒரு வெற்றுச் சொல்லைச் சேர்த்துவிடும்படி மாற்றினார்கள்.

பழைய மடிக்கணினி வாங்கி லினக்ஸ் போட்டிருக்கிறீர்களா? இன்றே புதுப்பித்துவிடுங்கள். கல்லூரிக் கணினியில் பழைய பதிப்பைக் கண்டால் விரிவுரையாளரிடம் சொல்லுங்கள், சோதித்துப் பார்க்காதீர்கள். 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றி நுழைந்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஆர்வம் இருந்தால் சொந்தக் கணினியில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை அமைத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பழைய உபுண்டுவில் முயலுங்கள். பிறகு போல்கிட்டைப் புதுப்பித்து, அதே தாக்குதலை மறுபடியும் செய்து பாருங்கள்.