நீலக்கதிர்த் தட்டும் உயர்தெளிவுத் திரைப்படமும்

பன்னிரண்டு சென்ரிமீற்றர் விட்டமுடைய தட்டு ஒன்றில் எவ்வளவு செய்தியை அடக்கலாம் என்னும் வினாவுக்குக் கால் நூற்றாண்டுக்குள் மூன்று விடைகள் பிறந்தன. 1982 இல் விற்பனைக்கு வந்த சீ.டீ. 650 முதல் 700 மெகாபைற் வரை ஏற்றது. 1996 இல் தோன்றிய டீ.வீ.டீ. ஒரு படையில் 4.7 கிகாபைற் கொண்டது. 2006 இல் திரைப்படங்களோடு கடைக்கு வந்த புளூறே தட்டோ ஒரு படையில் 25 கிகாபைற்றையும் இரு படைகளில் 50 கிகாபைற்றையும் தாங்குவது. தட்டின் விட்டமும் தடிப்பும் மாறாதிருக்கக் கொள்ளளவு மாத்திரம் பெருகியமைக்குக் காரணம் ஒளியின் இயல்பிலேயே உளது.

இத்தட்டுகளில் செய்தியானது சுருளாக ஓடும் தடத்தில் நுண்ணிய குழிகளாகப் பதியப்படுகின்றது. இலேசர்க் கதிரொன்று வில்லையால் குவிக்கப்பட்டு அக்குழிகளை வருடிச் செல்லும். கதிரை எத்துணை திறமையாகக் குவிப்பினும் அது ஒரு புள்ளியாகிவிடுவதில்லை. பௌதிகவியலார் கோணல் எனக் கூறும் இயல்பினால் ஒரு சிறு வட்டமாகவே விழும். அவ்வட்டம் ஒளியின் அலைநீளம் குறையக் குறையச் சிறுக்கும். வில்லையின் குவிக்கும் ஆற்றலைக் குறிக்கும் எண் கூடக் கூடவும் சிறுக்கும். டீ.வீ.டீ. இயக்கியின் செங்கதிர் 650 நனோமீற்றர் அலைநீளமுடையது. வில்லையின் எண் 0.6. புளூறே இயக்கியில் அவை முறையே 405 நனோமீற்றர், 0.85 ஆகும். (பெயர் நீலமெனினும் 405 நனோமீற்றர் ஒளி கண்ணுக்கு ஊதாவாகவே தோன்றும்.) இவ்வெண்களைக் கொண்டு கணக்கிடின், ஒளிவட்டத்தின் விட்டம் 2.27 மடங்கு குறைந்தமை புலனாகும். பரப்போ விட்டத்தின் வர்க்கத்துக்கு இயைய மாறுவதாகலின் 5 மடங்குக்குச் சிறிது மேலாகக் குறையும். 4.7 கிகாபைற் 25 கிகாபைற்றாக உயர்ந்ததும் ஏறத்தாழ அதே மடங்கன்றோ? தடங்களுக்கிடையேயுள்ள தூரமும் 0.74 மைக்ரோமீற்றரிலிருந்து 0.32 ஆகச் சுருங்கிற்று.

நீலக்கதிர் தரும் சிறு இலேசரை ஆக்குவது எளிதாயிருக்கவில்லை. அதற்கு வேண்டிய கல்லியம் நைத்திரைட்டுப் பளிங்கைக் குறையின்றி வளர்க்கும் வழி நெடுங்காலம் கைகூடவில்லை. யப்பானில் அக்கசாக்கியும் அமானோவும் அவ்வழியைத் திறந்தனர். நிச்சியா நிறுவனத்தில் பணியாற்றிய நக்கமுரா 1993 இல் பிரகாசமான நீல ஒளி தரும் இருவாயியையும், அதன் பின் இரண்டு மூன்று ஆண்டுகளுள் நீல இலேசரையும் ஆக்கினார். நீல ஒளி இருவாயிக்காக மூவருக்கும் 2014 இல் நொபெல் பரிசு கிடைத்தது.

வில்லையின் வலிமை கூடியதால் ஓர் இடரும் உடன் வந்தது. தட்டு சிறிது சரியினும் ஒளிவட்டம் சிதையும். அச்சிதைவு வில்லையின் எண்ணினது மூன்றாம் அடுக்குக்கும், கதிர் ஊடுருவும் மேலுறையின் தடிப்புக்கும் இயைய வளர்வது. ஆகவே டீ.வீ.டீ.யில் 0.6 மில்லிமீற்றராயிருந்த அவ்வுறை புளூறே தட்டில் 0.1 மில்லிமீற்றராக மெலிவிக்கப்பட்டது. மெல்லுறையின்மேல் படியும் தூசியும் கீறலும் கதிரை எளிதில் மறைக்குமாதலின் தொடக்கத்தில் தட்டை உறைப்பெட்டியுள் வைக்க வேண்டியதாயிற்று. கடினமான மேற்பூச்சு கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே தட்டு வெறுந்தட்டாக வெளிவந்தது. போட்டியாக எழுந்த எச்.டீ.-டீ.வீ.டீ. அதே 405 நனோமீற்றர் ஒளியைக் கையாண்டும் 0.6 மில்லிமீற்றர் உறையையே வைத்துக்கொண்டது. பழைய தொழிற்சாலைகளில் அதனை எளிதாக ஆக்கலாம் என்பது உண்மையே. ஆயின் ஒரு படையில் 15 கிகாபைற்றே அடங்கிற்று. 2008 பெப்ரவரியில் தோஷிபா நிறுவனம் அதனைக் கைவிட்டது. திரைப்பட நிறுவனங்களின் சார்பும் அம்முடிவுக்குக் காரணமாயிற்று.

இனி, இத்துணைக் கொள்ளளவு எதற்கு? ஐரோப்பிய முறை டீ.வீ.டீ.யின் ஒரு படச்சட்டம் 720க்கு 576, அதாவது 4,14,720 படப்புள்ளிகள் கொண்டது. உயர்தெளிவுச் சட்டம் 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. புள்ளியொன்றுக்கு 24 பிற்றாகச் செக்கனுக்கு 24 சட்டங்களைச் சுருக்காது பதியின், இரண்டு மணி நேரப் படத்துக்கு ஏறத்தாழ 1,075 கிகாபைற் வேண்டும். ஒரு படைப் புளூறே தட்டுகள் நாற்பத்து மூன்று அதற்குத் தேவையாகும். ஆதலின் சுருக்கல் தவிர்க்கவியலாதது. சட்டத்துக்குச் சட்டம் மாறாத பகுதிகளை மீண்டும் பதியாது விடுவதும், கண் எளிதிற் காணாத நுண்மைகளைத் துறப்பதுமே சுருக்கலின் வழி. இடம் போதுமாயின் துறப்பது சிறிதாகும். போதாதாயின் புகை, மழை, அலைநீர், இருண்ட அறை போன்ற காட்சிகளில் கட்டங்கட்டமான கறைகள் தோன்றும். ஒளிப்பதிவாளர் அரும்பாடுபட்டு அமைத்த நிழலின் சாயல்கள் முதலில் அழிவது இங்கேதான். செக்கனுக்குச் சராசரி 25 மெகாபிற் வீதம் இரண்டு மணி நேரப் படத்தைப் பதிந்தால் 22.5 கிகாபைற் ஆகும். அது ஒரு படையுள் அடங்கும். ஒரு படை டீ.வீ.டீ.யில் அதே நேரத்துக்குச் செக்கனுக்கு 5 மெகாபிற்றளவே கிடைக்கும். மேலும், மூல ஒலியைச் சிறிதும் இழக்காது பதிதற்கும் புளூறே தட்டில் இடம் உண்டு.

2016 இல் வெளிவந்த அடுத்த தலைமுறைத் தட்டு மூன்று படைகளில் 100 கிகாபைற் வரை ஏற்று, 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட படத்தைத் தருகின்றது. அத்தகைய படத்தை இணையவழி காண்பதற்கு நெற்பிளிக்ஸ் நிறுவனம் செக்கனுக்கு 15 மெகாபிற் இணைப்பைப் பரிந்துரைக்கின்றது. தட்டிலிருந்தோ அதனினும் பன்மடங்கு வேகத்தில் செய்தி வரவியலும். இரண்டும் ஒரே தெளிவெண்ணைத் தாங்கி விற்கப்படினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது. இணைய நிறுவனத்தின் ஒளிபரப்புரிமை காலாவதியாயின் படம் அதன் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். தட்டை வாங்கியவர் கையிலுள்ள பிரதி நீங்குவதில்லை. எனினும் தட்டைச் சுழற்ற இயக்கி வேண்டும். சாம்சங் நிறுவனம் 2019 இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய இயக்கிகளை வெளியிடுவதை நிறுத்திற்று. பயனரே பதியத்தக்க வெறுந்தட்டுகளை ஆக்குவதைச் சோனி 2025 பெப்ரவரியில் முடித்துக்கொண்டது. அச்சிட்ட திரைப்படத் தட்டுகள் தொடர்ந்து வெளிவருகின்றன.